குதிரைக்குப் புல்லே முதல் உணவு

தென்பெண்ணை ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள திருக்கோவிலூர், சங்க காலத்தில் கோவலூர் என்ற பெயருடன் மலையமான் திருமுடிக்காரியின் தலைநகராக விளங்கியது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் ஏறிய கரிய குதிரையின் பெயரும் காரி என்பதே. மன்னனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வழங்கிய ஊர் இது. இன்றும் இவ்வட்டாரத்தில் ஐயனார் கோவில் முன்றில்களில் மண் குதிரைகள் நிற்கின்றன. மண் குதிரைக்குத் தீவனம் தேவையில்லை. உயிருள்ள குதிரைக்கோ நாள் முழுவதும் தீவனம் வேண்டும். அதுவும் அதன் வயிற்றுக்கு ஏற்ற தீவனமாக இருத்தல் வேண்டும்.

நாட்டில் குதிரைகள் குறைந்து வருகின்றன என்பது உண்மையே. 2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து ஏறக்குறைய 3.4 இலட்சமே இருந்தன. 2012 ஆம் ஆண்டில் இருந்ததைக் காட்டிலும் இது ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு. ஆயினும் குதிரையின் உதவி நமக்கு முற்றும் அற்றுப்போய்விடவில்லை. கொடைக்கானல் மலையில் வெள்ளகவி போன்ற ஊர்களுக்குச் சுமை ஏறுவது குதிரையின் முதுகில்தான். திருமண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் குதிரை வேண்டப்படுகிறது. பாம்பு கடித்தவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தும் குதிரையின் குருதியிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆடி மாதந்தோறும் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவில் கூடும் சந்தைக்குச் சென்று பார்த்தால், குதிரை வளர்ப்பில் நம் மக்களுக்கு உள்ள ஆர்வம் நன்கு விளங்கும்.

ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது. பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரை ஓர் இரவிற்குள் வயிற்றுவலி கண்டு மாண்டு போவதுண்டு. ஓடித் திரிந்த குதிரை திடீரெனக் குளம்பு ஊன்ற மாட்டாமல் நின்று விடுவதும் உண்டு. இவற்றுள் பலவற்றிற்குக் காரணம் தீவனத் தவறேயாகும். அத்தவறு பெரும்பாலும் கஞ்சத்தனத்தால் நேர்வதன்று. அன்பு மிகுதியால் நேர்வது. மனிதனுக்கு உயர்ந்த உணவு எதுவோ அதுவே குதிரைக்கும் உயர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

வரலாறு தரும் பாடம்

இத்தவறு புதியதன்று. பண்டைக் காலம் முதலே தமிழகத்திற்குக் குதிரைகள் கடல் வழியாக வந்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குதிரைகள் இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும் விலைக்கு வாங்கப்பட்டன.

13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரைகளைப் பேணும் முறை இம்மக்களுக்குத் தெரியவில்லை என்றும், வெந்த இறைச்சியும் சோறும் அவற்றிற்குக் கொடுக்கப்படுகின்றன என்றும் அவர் குறிப்பிட்டார். சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயில் வெந்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் பருகச் செய்தனர் என்றும், கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் கொட்டிலில் கயிறும் முளையும் கொண்டு கட்டி வைத்தனர் என்றும் கூறுகிறார்.

அயல்நாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். நம் நாட்டு வெப்பமும் ஈரமும், பழகாத நோய்களும், நெடுங்கடற் பயணத்தின் களைப்பும் அக்குதிரைகளை வாட்டியிருக்கும் என்பதும் உண்மை. ஆயினும் இருவரும் சொல்லும் தீவன முறையை இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சொன்னால், குதிரைகள் மாண்டதில் வியப்பில்லை என்றே அவர் கூறுவார். சோறும் இறைச்சியும் பாலும் வெண்ணெயும் ஊட்டியவர்கள் குதிரையின் மீது வெறுப்புக் கொண்டவர்கள் அல்லர். தங்களுக்குக் கிடைத்த சிறந்த பொருளையே கொடுத்தார்கள். குதிரைக்குச் சிறந்த பொருள் கொட்டிலுக்கு வெளியே, வரப்பிலும் ஏரிக்கரையிலும் முளைத்துக் கிடந்தது.

இதைப் பின்னர் அறிந்து நடந்தவர்களும் உண்டு. ஆங்கிலேயர் காலத்துக் குதிரைப் படைகளில், குதிரையைத் தேய்த்துப் பராமரிக்க ஓர் ஆள் இருந்ததுபோல, புல் கொண்டு வருவதற்கென்றே தனியாக ஓர் ஆளும் வைக்கப்பட்டான். அவன் நாள்தோறும் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறிக் கட்டாகக் கட்டிக் கொண்டு வருவான். கிழக்கிந்தியக் கும்பெனியார் 1824 ஆம் ஆண்டில் படைக்குதிரைகளுக்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் பண்ணை அமைத்தபோது, 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரந்த நிலம் அதற்கு ஒதுக்கப்பட்டது. அப்பண்ணை இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது.

குதிரையின் வயிறு

மாட்டைப்போலவே குதிரையும் புல் தின்னும் பிராணி. ஆனால் மாட்டின் வயிறு வேறு, குதிரையின் வயிறு வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்தால் மற்றவை யாவும் தாமே விளங்கும்.

மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட வயிறு உண்டு. முதலறை மட்டுமே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு அவசரமாக மேய்ந்து, பின்னர் படுத்து அசை போடும். குதிரைக்கு ஒரே இரைப்பை. ஐந்நூறு கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கும் அது 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். குதிரை அசை போடுவதில்லை. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. ஆகையால் உள்ளே சென்ற உணவு புளித்துப் பொங்கினால், மேலே வர வழியின்றி இரைப்பை விம்மி, சில வேளைகளில் வெடித்தும் போகும்.

குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரக்கிறது. அதனைத் தணிப்பது உமிழ்நீர். மனிதனுக்கு உணவை நினைத்த அளவில் வாயூறும். குதிரைக்கோ மென்றால்தான் உமிழ்நீர் சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று தின்னக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகிறது. ஒரு கிலோ தானியத்தை அது பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிடும். எனவே புல் தின்னும் குதிரைக்கு உமிழ்நீர் மிகுதி. தானியம் தின்னும் குதிரைக்குக் குறைவு. நெடுநேரம் வெறும் வயிற்றுடன் நிற்கும் குதிரையின் இரைப்பையில் புண் உண்டாகிறது.

இயற்கையில் குதிரை ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் வரை சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும். இவ்வாறு மேய்ந்த புல்லின் நார்ச்சத்து, சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துக் குதிரைக்கு வலிமையாக மாற்றித் தருகின்றன. அந்நுண்ணுயிர்களுக்கு நாம் தரும் உணவு நாரே ஆகும். ஒரே வேளையில் மிகுதியான சோறோ மாவோ தானியமோ கொடுத்தால், சிறுகுடலில் ஜீரணமாகாத மாவுப் பொருள் பெருங்குடலுக்குச் சென்று புளிக்கிறது. அமிலம் பெருகி நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் நஞ்சு குருதியில் கலக்கிறது. இதன் விளைவாகக் கடும் வயிற்றுவலியும், குளம்பின் உட்புறம் வீங்கும் அழற்சியும் தோன்றுகின்றன. வயிற்றில் செய்த தவறு காலில் வந்து முடிவது இவ்வாறுதான்.

எந்தப் புல்? எந்தத் தழை?

நம் வட்டாரத்துக் குதிரைக்கு முதலிடம் பெறுவது அருகம்புல். ஏரிக்கரை, ஆற்றுப் படுகை, வரப்பு ஆகிய எங்கும் இது கிடைக்கும். வேரோடு செதுக்கிய புல்லை நன்றாக உதறி அலசிக் கொடுக்க வேண்டும். மண்ணும் மணலும் சிறிது சிறிதாகக் குடலில் தங்கினால் அதுவே வயிற்றுவலிக்குக் காரணமாகும். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தெளித்த வயலின் வரப்புப் புல்லைத் தவிர்ப்பது அவசியம்.

கறவை மாடுகளுக்காகப் பலரும் பயிரிடும் கம்பு நேப்பியர், கினியாப் புல், கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றைக் குதிரையும் விரும்பித் தின்னும். ஆனால் இப்புற்களில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால் குதிரைக்கு அச்சத்து எட்டுவதில்லை. மாட்டின் முதல் வயிற்றில் இப்பொருள் பெரும்பாலும் சிதைந்துவிடும். குதிரைக்கு அவ்வசதி இல்லை. மாதக்கணக்கில் இவற்றையே கொடுத்து வந்தால், குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ள நேரும். எலும்பு மெலிந்து, முகத்தின் இருபுறமும் வீங்கி, நடை தளரும்.

இதற்கு மாற்று நம்மிடமே உள்ளது. பயறு வகைத் தீவனங்களில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுதி. இவ்வகையில் சிறந்த ஒன்றுக்குக் குதிரைமசால் என்று தமிழில் பெயர் வழங்குவதே அதன் பொருத்தத்தைக் காட்டும். நீர் வசதி உள்ளவர்கள் இதனைப் பயிரிடலாம். மானாவாரி நிலத்தில் வேலிமசாலும் முயல்மசாலும் நன்கு வரும். இவை எவையும் இல்லாதவர்களுக்கு மணிலாக்கொடி இருக்கிறது. அறுவடைக்குப் பின் நன்கு உலர்ந்த, பூஞ்சணம் பிடிக்காத மணிலாக்கொடி குதிரைக்கு நல்ல உணவு. நாளைய தீவனத்தில் நான்கில் ஒரு பங்கு பயறு வகையாக இருந்தால் போதுமானது.

கரும்புத் தோகையைத் துண்டு துண்டாக நறுக்கிப் புல்லுடன் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு. புல் அற்ற கோடையில் வயிறு காயாமலிருக்க ஒரு பங்காக மட்டும் இதனைக் கொள்ளலாம்.

தானியம் எவ்வளவு?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்பது நம் பழமொழி. குதிரைக்குக் கொள்ளின் மீதுள்ள ஆசை உலகறிந்தது. கொள்ளு கெடுதலான பொருளன்று. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் அது புல்லுக்கு மேல் கொடுக்கும் துணையுணவே அன்றி, புல்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் உணவன்று. வேலையின்றி நிற்கும் குதிரைக்குக் கொள்ளு தேவையில்லை. சுமை சுமக்கும் குதிரைக்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும் குதிரைக்கும், வளரும் குட்டிக்கும் அளவோடு கொடுக்கலாம். ஊற வைத்து வேக வைத்தே கொடுக்க வேண்டும். ஒரு நாள் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, புல் தின்ற பிறகு வைப்பது நல்லது.

தவிட்டைப் பற்றியும் ஒரு சொல். அரிசித் தவிடும் கோதுமைத் தவிடும் குதிரைக்கு வலிவு தரும் என்ற நம்பிக்கை பரவியுள்ளது. இவற்றில் எரியச் சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் மேலே கூறிய எலும்பு நோயே இதனாலும் வரும்.

ஒரு மட்டக் குதிரையின் தீவன அளவு

முதலில் எடையை அறிய வேண்டும். தராசு தேவையில்லை, ஓர் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதனை அதே எண்ணால் பெருக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்புற முனை வரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிடைக்கும். மார்புச் சுற்று 150, நீளம் 130 என்றால் எடை சுமார் 246 கிலோ.

நாளொன்றுக்குக் குதிரைக்குத் தேவையான தீவனத்தின் உலர் எடை, உடல் எடையில் நூற்றுக்கு 2 முதல் 2.5 பங்கு. பசும்புல்லில் முக்கால் பங்கு நீரே என்பதை மறத்தலாகாது. 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்குப் பின்வரும் அளவு பொருந்தும்:

பசும்புல் — 14 கிலோ
உலர்ந்த மணிலாக்கொடி — 1½ கிலோ
உலர்புல் — 1 கிலோ
உப்பு — 20 முதல் 25 கிராம்
வேலை செய்யும் நாட்களில் மட்டும் கொள்ளு (வேகுமுன் எடை) — ½ முதல் 1 கிலோ

புல்லை நான்கைந்து வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். இரவில் ஒரு கட்டு கட்டாயம் இருத்தல் வேண்டும். மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு மறுநாள் காலை வரை வெறும் வயிற்றுடன் நிறுத்துவது புண்ணுக்கு வழி. சாதாரண நாளில் 12 முதல் 15 லிட்டர் நீரும், வெயிலில் உழைக்கும் நாளில் அதைப்போல் இரு மடங்கும் வேண்டும். நீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருப்பதே சிறந்தது.

எந்தத் தீவனத்தையும் திடீரென மாற்றுதல் கூடாது. பழைய தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புதியதை 10 முதல் 14 நாட்களில் பழக்க வேண்டும். பெருங்குடலின் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.

தவிர்க்க வேண்டியவை

திருவிழாவில் குதிரை வீதி வலம் வருவதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் சோறும் அதன் வாயருகே நீட்டப்படும். ஒவ்வொருவர் கொடுப்பதும் ஒரு பிடிதான். ஐம்பது வீட்டுப் பிடி சேர்ந்தால் குதிரையின் சிறு இரைப்பை என்னாகும்? அன்பர்கள் ஒரு கைப்பிடி அருகம்புல்லை நீட்டினால் அதுவே சிறந்த காணிக்கையாகும்.

சவுண்டல் தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் பயன்படுவது. குதிரை அதனை மிகுதியாகத் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்துவிடும். அரளியும் ஆமணக்கு விதையும் குதிரைக்குக் கொடிய நஞ்சு. இளஞ்சோளப் பயிரும் பச்சை மரவள்ளித் தழையும் தோலும் ஆபத்தானவை. கோழிகளுக்கும் மாடுகளுக்கும் விற்கப்படும் சில கலப்புத் தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்து சேர்க்கப்படுவதுண்டு. அம்மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். ஆகவே பிற பிராணிகளின் கலப்புத் தீவனத்தைக் குதிரையின் முன் வைக்கவே கூடாது. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கும் கொடியும் உலர்புல்லும் எருக்குழிக்கு உரியவை.

வயிற்றுவலி கண்டால்

குதிரை முன்காலால் தரையைப் பறிப்பதும், விலாப்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும், வியர்ப்பதும், சாணம் போடாதிருப்பதும் வயிற்றுவலியின் அடையாளங்கள். உடனே தீவனத்தை அகற்றிவிட்டு, முடிந்தால் மெதுவாக நடத்திக்கொண்டு, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். மூங்கில் குழாயால் எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். அது நுரையீரலுக்குள் புகுந்து, வயிற்றுவலியால் சாகாத குதிரையைக் கூடச் சாகச் செய்யும். குதிரை குளம்பு ஊன்ற மறுத்துப் பின்புறம் சாய்ந்து நின்றாலும், குளம்பு சூடாக இருந்தாலும் காலந்தாழ்த்தலாகாது.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

புல்லே முதல் உணவு என்றால், புல் வளர நிலம் வேண்டும். 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் புறம்போக்கைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. அந்நிலத்தின் எல்லையை அளந்து கல் நடுவதும், ஆக்கிரமிப்பைத் தடுப்பதும், முள்மரம் மண்டிய இடத்தைத் திருத்திப் புல்லும் வேலிமசாலும் விதைப்பதும் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கையில் உள்ள காரியங்கள். நிலத்தை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிட்டால் புல் மீண்டும் தழைக்க இடம் கிடைக்கும். பொதுக் குடிநீர்த் தொட்டி ஒன்றைக் கால்நடைகளுக்கென ஒதுக்கிச் சுத்தமாக வைத்திருப்பதும் பெரிய உதவி.

வடகிழக்குப் பருவமழையில் செழித்த புல்லைப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து, மழை நின்ற நாட்களில் இரண்டு மூன்று நாள் திருப்பிப் போட்டு உலர்த்தி, தரையில் படாதவாறு பரண் மீது அடுக்கி வைத்தால் பங்குனி, சித்திரை மாதங்களின் பஞ்சம் தீரும். இது குதிரைக்கு மட்டுமன்று, ஊரில் உள்ள மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் பயன்படும் சேமிப்பு. குதிரை ஒன்று கூட இல்லாத ஊரிலும் மேய்ச்சல் நிலத்தைக் காப்பது இதனால் வீண் வேலையாகாது.

கடல் கடந்து வந்த குதிரைகளுக்குப் பொன்னைக் கொட்டிய அரசுகள், பாலும் வெண்ணெயும் ஊட்டி அவற்றை இழந்தன. நமக்கு அத்தகைய செலவு தேவையில்லை. அலசிய அருகம்புல், ஒரு பிடி மணிலாக்கொடி, சிறிது உப்பு, தொட்டி நிறையத் தண்ணீர், இரவில் ஒரு கட்டு உலர்புல் ஆகிய இவ்வளவும் எளிய குடியானவரின் வீட்டிலும் கிடைக்கக் கூடியவையே. காரி ஏறிய குதிரையின் பெயர் இன்றளவும் நிலைத்திருக்கும் இம்மண்ணில், உயிருள்ள குதிரைகளும் நலமுடன் நிலைத்திருக்கச் செய்வது நம் கடமையாகும்.